நியூயார்க் லைசன்ஸ், கலிஃபோர்னியா வேலை, வராத ஃபீஸ்: பிர்ப்ரோவர் கேஸ் முழு விவரம்

பத்து லட்சம் டாலருக்கு மேல ஃபீஸ், கிளையன்ட் கையெழுத்துப் போட்ட அக்ரிமென்ட் கைல இருக்கு, எதிர்பார்ட்டியோட செட்டில்மென்ட்டும் முடிஞ்சிடுச்சு, ஆனா காசைக் கேட்டா "நீங்க இந்த ஸ்டேட்ல வக்கீலே இல்லையே, அக்ரிமென்ட் எப்படி செல்லும்"னு கோர்ட் கேக்குது. நியூயார்க்ல நல்லா ஓடிட்டு இருந்த ஒரு லா ஃபர்முக்கு இதுதான் நடந்துச்சு. 1998 ஜனவரி 5ஆம் தேதி கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட் குடுத்த தீர்ப்பு, பிர்ப்ரோவர், மொண்டல்பானோ, காண்டன் அண்ட் ஃபிராங்க்னு ஃபர்ம் பேர்லயே இருக்குற கேஸ். அமெரிக்கால லா ஃபர்ம்ல வேலை பாக்குறவங்களும், அங்க போய் வேலை பாக்கணும்னு நினைக்கிறவங்களும் லைசன்ஸ் பத்தி ஏதாவது ஒரு கேஸ் மட்டும்தான் படிப்பேன்னு சொன்னா நான் இதைத்தான் எடுத்துக் குடுப்பேன்.

முதல்ல அடிப்படை. அமெரிக்கால லாயர் லைசன்ஸ்ங்கிறது ஒவ்வொரு ஸ்டேட்டும் தனித்தனியா குடுக்குறது. ஒரு ஸ்டேட்ல எடுத்த டிரைவிங் லைசன்ஸ வச்சு நாடு முழுக்க கார் ஓட்டலாம், ஆனா ஒரு ஸ்டேட் பார்ல (அந்த ஸ்டேட்டோட வக்கீல் பதிவு அமைப்பு) சேர்ந்துட்டு பக்கத்து ஸ்டேட்ல வக்கீல் தொழில் பண்ண முடியாது. ஒரு எடத்துல என்ரோல் ஆனா நாடு முழுக்க செல்லும்னு பழகினவங்களுக்கு இது ரொம்ப விசித்திரமா படும். இன்னொன்னு, லைசன்ஸ் ஆளுக்குத்தான், ஃபர்முக்கு இல்ல. ஃபர்ம்னு ஒரு கார்ப்பரேஷனோ பார்ட்னர்ஷிப்போ தனியா பதிவு ஆகியிருக்கும், அது வேற கணக்கு, அந்தப் பதிவு உள்ள இருக்குற யாரையும் வக்கீல் ஆக்காது. ஒரு ஃபர்ம்ல ஐநூறு பேர் இருந்து அதுல முன்னூறு பேருக்கு கலிஃபோர்னியா லைசன்ஸ் இருந்தாலும் மிச்ச இருநூறு பேரும் அந்த நிழல்ல நிக்க முடியாது. நம்ம கேஸ்ல நிலைமை இதைவிட மோசம், ஒருத்தர்கிட்ட கூட கலிஃபோர்னியா லைசன்ஸ் இல்ல.

இப்ப கதைக்கு வருவோம். ஒரு குடும்பம், அண்ணன் தம்பி ரெண்டு பேர், பிசினஸ் பண்றாங்க. நியூயார்க்ல ஒரு கம்பெனி, பேரு ஈஎஸ்க்யூ. இந்தக் குடும்பத்துக்கு 1986லேர்ந்தே பிர்ப்ரோவர் ஃபர்ம்தான் வக்கீல். 1990ல டேண்டம் கம்ப்யூட்டர்ஸ் கூட ஒரு சாஃப்ட்வேர் ஒப்பந்தம் போடுறாங்க, அதைப் பார்த்துக் குடுத்ததும் இதே ஃபர்ம்தான். அந்த ஒப்பந்தத்துல கலிஃபோர்னியா சட்டம்தான் பொருந்தும்னு ஒரு வரி இருந்துச்சு. அப்புறம் 1991ல கலிஃபோர்னியாவுலயும் ஈஎஸ்க்யூ பேர்லயே இன்னொரு கம்பெனி ஆரம்பிக்கிறாங்க. டேண்டமோட பிரச்சினை முத்துது, 1992 ஜூலைல ரெண்டு கம்பெனியும் சேர்ந்து பிர்ப்ரோவரை அமர்த்துறாங்க, ஃபீஸ் அக்ரிமென்ட் கையெழுத்தானது நியூயார்க்ல. வர்ற பணத்துல மூணுல ஒரு பங்கு ஃபீஸ்.

அதுக்கப்புறம் ஃபர்ம் லாயர்ஸ் கலிஃபோர்னியாவுக்கு போக ஆரம்பிக்கிறாங்க. 1992 ஆகஸ்ட்ல ரெண்டு பேர் போறாங்க, கிளையன்ட்டையும் அவங்க அக்கவுண்டன்ட்டையும் பார்த்துப் பேசுறாங்க, எப்படி மூவ் பண்ணலாம்னு ஆலோசனை சொல்றாங்க, டேண்டம் ஆளுங்கள ரெண்டு நாள்ல நாலஞ்சு தடவ சந்திச்சு கிளையன்ட் சார்பா பேசுறாங்க. சான் ஃபிரான்சிஸ்கோல இருக்குற அமெரிக்கன் ஆர்பிட்ரேஷன் அசோசியேஷன் ஆபீஸ்ல டேண்டம் மேல ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்குப் போகாம ஒரு நடுவரை வச்சு தீர்க்கிறது, கேட்டு மனு போடுறாங்க. 1993 மார்ச் ஏப்ரல் வாக்குல திரும்ப வந்து ஆர்பிட்ரேட்டரா யாரைப் போடலாம்னு ஆளுங்கள இன்டர்வியூ பண்றாங்க. அதே வருஷம் ஆகஸ்ட்ல ஒருத்தர் மறுபடி வந்து டேண்டம் எழுதிக் குடுத்த செட்டில்மென்ட் டிராஃப்ட்டை கிளையன்ட்டோட உக்காந்து அலசுறார், டேண்டம்காரங்களோடயும் பேச்சுவார்த்தை நடத்துறார், எதை ஒத்துக்கலாம் எதை ஒத்துக்கக் கூடாதுன்னு அட்வைஸ் பண்றார். கடைசில ஆர்பிட்ரேஷன் நடக்கவே இல்ல, விஷயம் பேசித் தீர்ந்துடுச்சு. தீர்றதுக்கு முன்னாடியே ஃபீஸையும் மாத்திட்டாங்க, மூணுல ஒரு பங்கு போய் பத்து லட்சம் டாலருக்கு மேல ஒரு ஃபிக்சட் தொகைன்னு ஆச்சு.

இதுல எங்கயும் கோர்ட் வாசல் மிதிக்கலங்கிறதை கவனிங்க. வாதாடல, ஜட்ஜ் முன்னாடி நிக்கல, நடந்தது எல்லாம் மீட்டிங் ரூம்ல. அதனாலதான் இந்த ஃபர்முக்கு இது தப்புன்னு தோணியே இருக்காது, அந்தக் காலத்துல பெரிய ஃபர்ம் லாயர்ஸ் எல்லாரும் இப்படித்தான் ஃப்ளைட் ஏறி போயிட்டு வந்துட்டு இருந்தாங்க.

சண்டை எப்படி கோர்ட்டுக்கு வந்துச்சுன்னா, 1994 ஜனவரில கிளையன்ட்டே ஃபர்ம் மேல கேஸ் போடுறாங்க, வேலையை ஒழுங்கா பாக்கலன்னு மால்பிராக்டிஸ் கேஸ், சான்டா கிளாரா கவுண்டி சுப்பீரியர் கோர்ட்ல. ஃபர்ம் அதை ஃபெடரல் கோர்ட்டுக்கு இழுத்துட்டுப் போய், கூடவே எங்க ஃபீஸைக் குடுன்னு எதிர் வழக்கும் போடுது, ஃபெடரல் கோர்ட் திருப்பி அனுப்பிடுச்சு. இங்க வந்ததும் கிளையன்ட் பக்கம் ஒரு கல்லு எறிஞ்சாங்க: இவங்களுக்கு கலிஃபோர்னியால லைசன்ஸே இல்ல, அதனால ஃபீஸ் அக்ரிமென்ட்டே செல்லாது. டிரையல் கோர்ட் ஆமாம்னு சொல்லிடுச்சு, அப்பீல் கோர்ட்டும் ஆமாம்னு சொல்லிடுச்சு, நியூயார்க்ல உக்காந்து பார்த்த வேலைக்கு கூட காசு கிடையாதுன்னுட்டாங்க. அங்கேர்ந்துதான் சுப்ரீம் கோர்ட்.

அங்க மையமா நின்ன சட்டம் ரொம்பச் சின்னது. கலிஃபோர்னியா பிசினஸ் அண்ட் புரொஃபஷன்ஸ் கோட், செக்‌ஷன் 6125. ஸ்டேட் பார்ல ஆக்டிவ் மெம்பரா இல்லாத எந்த ஆளும் கலிஃபோர்னியால வக்கீல் தொழில் பண்ணக் கூடாது, இவ்ளோதான். 1927ல ஸ்டேட் பார் ஆக்ட்டோட சேர்ந்து வந்தது. அடுத்த செக்‌ஷன் 6126 இதை மீறினா கிரிமினல் குத்தம்னு சொல்லுது. ஆனா "வக்கீல் தொழில்"னா என்ன, "கலிஃபோர்னியால"ன்னா என்ன, ரெண்டுக்கும் சட்டத்துல விளக்கம் இல்ல. வக்கீல் தொழில்ங்கிறது கோர்ட்ல ஆஜராகுறது மட்டும் இல்ல, சட்ட ஆலோசனை சொல்றது, பத்திரம் ஒப்பந்தம் எழுதுறது எல்லாமே அதுல வரும்னு பழைய தீர்ப்புகள்லயே இருக்கு. அதனால இந்தக் கேஸ்ல உண்மையான சண்டை "கலிஃபோர்னியால"ங்கிற அந்த ஒரு வார்த்தைலதான்.

மெஜாரிட்டி தீர்ப்பை எழுதினவர் ஜஸ்டிஸ் மிங் சின், ஆறு பேர் ஒரு பக்கம், ஒருத்தர் மறுபக்கம். அவர் வச்ச அளவுகோல் இது: அந்த லாயர் ஸ்டேட்டுக்குள்ள போதுமான அளவு வேலை பார்த்தாரா, இல்லன்னா கலிஃபோர்னியா கிளையன்ட்டோட சட்டக் கடமைகள் அடங்கின ஒரு தொடர் உறவு வச்சுக்கிட்டாரா. தற்செயலா ஒரு போன், எப்பவோ ஒரு லெட்டர், அதெல்லாம் இதுல வராது. உடம்பு ஸ்டேட்டுக்குள்ள இருந்துச்சா இல்லையாங்கிறது ஒரு அம்சம், ஆனா அது மட்டுமே முடிவு பண்ணாது, கலிஃபோர்னியாவுக்கு வராமலே போன், ஃபேக்ஸ், கம்ப்யூட்டர் வழியா கலிஃபோர்னியா கிளையன்ட்டுக்கு கலிஃபோர்னியா சட்டத்துல ஆலோசனை சொன்னா அது கூட மீறலா ஆகலாம்னு எழுதினார். உடனே அடுத்த மூச்சுல, வேற எங்கயோ உக்காந்து கலிஃபோர்னியா சட்டத்தைத் தொட்டாலே, இல்ல ஒரு ஈமெயில் உள்ள வந்தாலே மீறல்தான்னு நாங்க சொல்லலன்னும் எழுதினார். 1998ல எழுதின வரி, இன்னைக்கு வரைக்கும் லாயர்ஸ தூங்க விடல, ஏன்னா இந்த ரெண்டு வாக்கியத்துக்கும் நடுவுல கோடு எங்கன்னு அவர் போடவே இல்ல. பிர்ப்ரோவரைப் பொறுத்தவரைக்கும் கோடு தேவைப்படல, நேரா வந்து, மீட்டிங் போட்டு, ஆலோசனை சொல்லி, பேரம் பேசியிருக்காங்க.

ஃபர்ம் பக்கம் வச்ச வாதம் ஒண்ணொண்ணா விழுந்துச்சு. இந்தச் சட்டம் படிக்காத போலி வக்கீலுங்களுக்கு, வேற ஸ்டேட்ல முறையா லைசன்ஸ் வாங்கின எங்களுக்கு இல்லன்னாங்க. சட்டத்துல "எந்த ஆளும்"னுதான் இருக்கு, வேற ஸ்டேட் லாயரைத் தவிரன்னு இல்ல, அதோட கலிஃபோர்னியா சட்டம் தெரியாத ஆளு நல்ல லாயரா இருந்தாலும் இங்க கிளையன்ட்டுக்கு ஆபத்துதான்னு கோர்ட் சொல்லிடுச்சு. அடுத்து, ஆர்பிட்ரேஷனுக்கு ஒரு விலக்கு வேணும்னாங்க, நியூயார்க் ஃபெடரல் கோர்ட் ஒண்ணு 1982லயே நியூ ஜெர்சி ஃபர்முக்கு அப்படி விலக்கு குடுத்திருக்குன்னு காட்டினாங்க. இன்டர்நேஷனல் ஆர்பிட்ரேஷனுக்குன்னு சட்டமன்றம் தனியா விலக்கு எழுதி வச்சிருக்கு, உள்நாட்டு ஆர்பிட்ரேஷனுக்கு எழுதல, அப்ப வேணாம்னுதானே விட்டிருக்காங்க, நாங்க ஏன் எழுதணும்னு கோர்ட் கேட்டுச்சு. கோர்ட்ல ஆஜராகுறதுக்கு அந்த ஒரு கேஸுக்கு மட்டும் பர்மிஷன் வாங்குற ப்ரோ ஹாக் வைஸ் முறை அப்பவே இருந்துச்சு, ஆனா அதுக்கு ஒரு ஜட்ஜ் வேணும், நடந்துட்டு இருக்குற கேஸ் வேணும், கூட ஒரு கலிஃபோர்னியா லாயர் வேணும். மீட்டிங் ரூம் வேலைக்கு அப்படி பர்மிஷன் வாங்க ஒரு கதவே இல்ல. என்னைக் கேட்டா இந்தக் கேஸோட நிஜமான ஓட்டை இதுதான், கோர்ட்டுக்கு வழி இருந்துச்சு, கோர்ட்டுக்கு வெளிய பண்ற வேலைக்கு வழி இல்ல, ஃபர்ம் லாயரோட வேலைல பெரும்பகுதி வெளியதான் நடக்குது.

முடிவு என்னன்னா, கலிஃபோர்னியால பார்த்த வேலைக்கு ஃபீஸ் கிடையாது. ஆனா அப்பீல் கோர்ட் சொன்ன மாதிரி முழுசா இல்ல. நியூயார்க்ல உக்காந்து, நியூயார்க் லைசன்ஸோட பார்த்த வேலையைப் பிரிச்சு எடுக்க முடிஞ்சா அந்தப் பங்குக்கு ஃபீஸ் கேக்கலாம், அக்ரிமென்ட்ல சட்டவிரோதமான பாகத்தை வெட்டிட்டு மிச்சத்தை உயிரோட வைக்கலாம்னு சொல்லி, எவ்ளோன்னு பாருங்கன்னு கீழ் கோர்ட்டுக்கு திருப்பி அனுப்பிட்டாங்க. கேக்க ஆறுதலா இருக்கும், ஆனா ஃபிக்சட் ஃபீஸ் போட்ட ஃபர்முக்கு எந்த மணி நேரம் நியூயார்க்ல, எந்த மணி நேரம் கலிஃபோர்னியாலன்னு பிரிச்சுக் காட்டுறது எவ்ளோ பெரிய தலைவலின்னு டைம்ஷீட் எழுதினவங்களுக்குத் தெரியும்.

எதிர்த்து எழுதின ஒரே ஆளு ஜஸ்டிஸ் ஜாய்ஸ் கென்னார்ட். மெஜாரிட்டி "வக்கீல் தொழில்"ங்கிறதை ரொம்ப அகலமா விரிச்சுட்டாங்கன்னாங்க. 1970ல "பேரன் (Baron) எதிர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம்" கேஸ்ல இதே கோர்ட் வச்ச வரையறை இருக்கு: கோர்ட்ல ஒருத்தருக்காக ஆஜராகுறது, இல்லன்னா சட்டம் படிச்ச மூளைக்கு மட்டுமே சாத்தியமான அறிவும் திறமையும் தேவைப்படுற வேலை. அதை வச்சுப் பாருங்க, ஆர்பிட்ரேஷன்ல லாயர் இல்லாதவங்களே வந்து பேசுறது சாதாரணமா நடக்குது, அப்ப வெளியூர் லாயர் வந்து பேசினா மட்டும் எப்படி குத்தம்னு கேட்டாங்க. எனக்கு இந்தக் கேள்வி நியாயமாத்தான் படுது. சட்டமே படிக்காத ஒருத்தர் பண்ணலாம், இருபது வருஷம் நியூயார்க்ல தொழில் பண்ணவர் பண்ணக் கூடாதுங்கிறது எந்தக் கணக்குல கிளையன்ட்டைக் காப்பாத்துறதுன்னு மெஜாரிட்டி தீர்ப்புல திருப்தியான பதில் இல்ல. ஆனா சட்டத்தோட வார்த்தையை எடுத்துக்கிட்டா சின் சொன்னதுதான் நேரானது, விலக்கு வேணும்னா எழுத வேண்டியது சட்டமன்றம்.

இன்னொண்ணு சொல்லாம விட முடியல. கிளையன்ட்டைப் பாதுகாக்க எழுதின சட்டத்தை இங்க கிளையன்ட் பில் கட்டாம தப்பிக்கிறதுக்கு தூக்கிட்டு வந்தாங்க. பல வருஷமா தெரிஞ்ச ஃபர்ம், நியூயார்க் ஃபர்ம்னு தெரிஞ்சே அமர்த்தினாங்க. ஸ்டேட் பார் வந்து புகார் குடுக்கல, போலீஸ் வரல, கிரிமினல் கேஸ் இல்ல. லைசன்ஸ் விதியை மீறின ஃபர்முக்கு அடி விழுந்தது அந்த இன்வாய்ஸ்லதான். அதனாலதான் இந்தத் தீர்ப்பு நாடு முழுக்க லா ஃபர்ம்ஸ கிலி பிடிக்க வச்சுச்சு.

அதோட விளைவும் வேகமா வந்துச்சு. அதே 1998ல கலிஃபோர்னியா சட்டமன்றம் ஆர்பிட்ரேஷன் சட்டத்தைத் திருத்துச்சு, கோட் ஆஃப் சிவில் ப்ரொசீஜர் 1282.4. வெளி ஸ்டேட் லாயர் ஒரு சர்ட்டிஃபிகேட் தாக்கல் பண்ணி, ஆர்பிட்ரேட்டர் ஒப்புதல் வாங்கி, ஒரு கலிஃபோர்னியா லாயரைக் கூட வச்சுக்கிட்டு ஆஜராகலாம்னு வழி பண்ணாங்க. நாடு முழுக்க இருக்குற வக்கீல் சங்கமான அமெரிக்கன் பார் அசோசியேஷன் 2000ல இதுக்குன்னே ஒரு கமிஷன் போட்டு, 2002 ஆகஸ்ட்ல மாடல் ரூல் 5.5ஐ (ஸ்டேட்டுங்க பார்த்து எடுத்துக்க அது எழுதி வச்ச மாதிரி விதி) மாத்துச்சு. தற்காலிகமா வேற ஸ்டேட்ல போய் வேலை பார்க்குறதுக்கு அதுல நாலு வழி இருக்கு: உள்ளூர் லாயர் ஒருத்தர் சும்மா பேருக்கு இல்லாம நிஜமா கூட வேலை பார்க்கணும், இல்ல நடக்குற இல்ல நடக்கப் போற ஒரு கேஸோட தொடர்பு இருக்கணும், இல்ல ஆர்பிட்ரேஷன் மீடியேஷன் மாதிரி விஷயமா இருக்கணும், இதெல்லாம் இல்லன்னா தன் சொந்த ஸ்டேட் பிராக்டிஸோட நியாயமான சம்பந்தமாவது இருக்கணும். நிறைய ஸ்டேட் இதை ஏதோ ஒரு வடிவத்துல எடுத்துக்கிச்சு. கலிஃபோர்னியா அப்படியே எடுத்துக்காம 2004 நவம்பர்ல தன் பாணில ரூல்ஸ் கொண்டு வந்துச்சு, இப்ப 9.45லேர்ந்து 9.48 வரைக்கும் நம்பர்ல இருக்கு.

இந்த ரூல்ஸ்ல ஃபர்ம் ஆளுங்க அடிக்கடி தப்பா புரிஞ்சுக்கிற ஒண்ணு 9.46. கலிஃபோர்னியால ஒரு கம்பெனில இன்ஹவுஸ் கவுன்சலா, அதாவது கம்பெனியோட சொந்த வக்கீலா, இருக்குறவங்க வேற ஸ்டேட் லைசன்ஸோட பதிவு பண்ணிக்கிட்டு பொதுவா அந்த ஒரு கம்பெனிக்கு மட்டும் வேலை பார்க்கலாம், கோர்ட்ல பொதுவா ஆஜராகக் கூடாது. உடனே "நானும் ஒரு கம்பெனில சம்பளத்துக்கு இருக்குற ஆளுதானே, எங்க லா ஃபர்ம் பேர்ல பதிவு பண்ணிக்கலாமே"ன்னு கேப்பாங்க. முடியாது. மத்தவங்களுக்கு சட்ட சேவை குடுக்குற நிறுவனம் இதுல சேராதுன்னு ரூல்லயே எழுதியிருக்கு. காரணம் புரியறது ஒண்ணும் கஷ்டமில்ல, இன்ஹவுஸ்காரர் தப்பு பண்ணா அடிபடுறது அவரை வேலைக்கு வச்ச கம்பெனி, தெரிஞ்சே வச்சிருக்காங்க. லா ஃபர்ம்ல தப்பு நடந்தா அடிபடுறது வெளிலேர்ந்து நம்பி வந்த கிளையன்ட். அதனால லா ஃபர்ம்ல சம்பளத்துக்கு இருந்தாலும், பார்ட்னரா இருந்தாலும், அங்க நிரந்தரமா உக்காந்து அந்த ஊர் கிளையன்ட்டுக்கு வேலை பார்க்கணும்னா முழு லைசன்ஸ்தான்.

இதே ஃபர்ம்ஸ்ல இன்னொரு கூட்டம் இருக்கு, லா ஸ்கூல் முடிச்சு ஜூலைல பார் எக்ஸாம் எழுதிட்டு நவம்பர்ல வர்ற ரிசல்ட்டுக்கு காத்துட்டு இருக்குற பசங்க. சம்பளம் வாங்குறாங்க, கேபின் இருக்கு, ஆனா லாயர் இல்ல. ரிசர்ச் பண்ணலாம், டிராஃப்ட் எழுதலாம், ஒரு லைசன்ஸ் உள்ள லாயர் படிச்சுப் பார்த்து தன் பேர்ல பொறுப்பு எடுத்துக்கணும். கிளையன்ட்டுக்கு போன் போட்டு "நீங்க இதைக் கையெழுத்து போடலாம்"னு சொன்னா போச்சு. ஈமெயில் கீழ வர்ற பேருக்குப் பக்கத்துல அட்டர்னின்னு போட்டாலும் போச்சு. அதுல மாட்டுறது பசங்க மட்டும் இல்ல, மேற்பார்வை பண்ண பார்ட்னர் மேலயும் நடவடிக்கை வரும், லைசன்ஸ் இல்லாத ஒருத்தர் வக்கீல் தொழில் பண்றதுக்கு துணை போறதே தனி ஒழுக்க மீறல்.

பிர்ப்ரோவர்ல சின் கோடு போடாம விட்ட எடத்துல ஒரு ஆளு போய் விழுந்தது 2016ல, மினசோட்டால. கொலராடோ லாயர், அவரோட மாமனார் மாமியார் மினசோட்டால இருக்காங்க, அவங்க காண்டோ அசோசியேஷனுக்கு (அடுக்குமாடி வீட்டுக்காரங்க சங்கம்) கட்டணும்னு கோர்ட் தீர்ப்பு சொன்ன தொகை 2,368.13 டாலர். வீட்டுப் பெரியவங்களுக்கு உதவி பண்ணுவோம்னு கொலராடோல உக்காந்தே எதிர்பக்க லாயருக்கு சுமார் ரெண்டு டஜன் ஈமெயில் போட்டு பேரம் பேசினார். எதிர்பக்க லாயர் புகார் குடுத்துட்டார். மினசோட்டா சுப்ரீம் கோர்ட் நாலுக்கு மூணுன்னு பிரிஞ்சு, இது மினசோட்டால லைசன்ஸ் இல்லாம தொழில் பண்ணதுதான்னு சொல்லி, அவர் மேல போட்ட எச்சரிக்கையை உறுதி பண்ணுச்சு. ஃபீஸுக்கு பண்ணல, ஒரு தடவ கூட அந்த வேலைக்காக ஸ்டேட்டுக்குள்ள வரல, தொகையும் சில்லறை. எனக்கு இது கொஞ்சம் ஓவர்னுதான் தோணுது, அந்த மூணு ஜட்ஜுக்கும் அப்படித்தான் தோணியிருக்கு.

வீட்லேர்ந்து வேலை பார்க்குறது பரவினப்புறம் இதே கேள்வி தலைகீழா வந்துச்சு: நியூயார்க் லைசன்ஸ், நியூயார்க் ஃபர்ம், நியூயார்க் கிளையன்ட், ஆனா உடம்பு இருக்குறது வேற ஸ்டேட்ல ஒரு வீட்டுக்குள்ள. 2020 டிசம்பர்ல அமெரிக்கன் பார் அசோசியேஷன் ஃபார்மல் ஒபினியன் 495ல பதில் சொன்னாங்க. அந்த ஊர் அதைத் தடை பண்ணாத வரைக்கும் பண்ணலாம், ஆனா அந்த ஊர் அட்ரஸை லெட்டர்ஹெட்லயோ வெப்சைட்லயோ விசிட்டிங் கார்ட்லயோ ஆபீஸ்னு போடக் கூடாது, அந்த ஊர் லாயர்னு காட்டிக்கக் கூடாது, அந்த ஊர் கிளையன்ட் பிடிக்கக் கூடாது. இது ஒரு சங்கத்தோட கருத்துதான், எந்த ஸ்டேட்டையும் கட்டுப்படுத்தாது, அதனால லேப்டாப்பைத் தூக்கிட்டு வேற ஸ்டேட்டுக்கு குடி போற லாயர் வீட்டு வாடகை விசாரிக்கும்போதே அந்த ஸ்டேட் பாரோட ரூல் 5.5ஐயும் எடுத்துப் படிச்சிடணும், பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஒரு கான்ட்ராக்ட் பார்த்துக் குடுங்கன்னு கேட்டா முடியாதுன்னு சொல்லவும் பழகிக்கணும்.